ஹாமும் அதன் அயலும்

பந்தியொன்றின் பெருமையை அதன் தலைமை உணவைக் கொண்டே மதிப்பிடுவது உலக வழக்கு. நத்தார்ப் பந்தி என்றால் மேனாட்டு மரபிலே ஹாம் நினைவுக்கு வரும். அல்லது வான்கோழி நினைவுக்கு வரும். அவற்றைச் சூழ்ந்து வைக்கப்படும் கீரைக்கும் கிழங்குக்கும் பயற்றுக்கும் தனிப் புகழ் கிடைப்பதில்லை. ‘பக்க உணவு’ என்ற பொதுப் பெயருக்குள் அவை அடங்கிவிடுகின்றன. ஆயினும், ஒரு பந்தி எவரை உள்ளே அழைக்கின்றது, எவரை வாயிலிலே நிறுத்துகின்றது என்பதை அறிய விரும்புவோர் அப்பக்க உணவுகளையே முதலில் நோக்குதல் வேண்டும். புறக்கோட்டையை அடுத்த கொட்டாஞ்சேனையில் ஆண்டுதோறும் ஆக்கப்படும் ஒரு நத்தார் விருந்து இவ்வுண்மையை நன்கு விளக்கவல்லது.

பன்றியின் பின்தொடையை உப்பிட்டுப் பதப்படுத்துவதே ஹாம். தமிழ்ச் சங்க ஏடொன்றில் இதற்கு இடமுண்டோ என வினவுவோரும் இருக்கலாம். அவர்கள் பெரும்பாணாற்றுப்படையை ஒருமுறை புரட்டிப் பார்த்தல் நன்று. நெல்மாவை ஊட்டி, பல நாள் குழியிலே நிறுத்திக் கொழுக்க வைத்த ஆண்பன்றியின் இறைச்சி, கள்ளோடு சேர்த்துப் பாணனுக்குக் கிடைக்கும் என அந்நூல் கூறுகின்றது. அவ்விருந்து கிடைக்கும் இடம் கடற்கரைப் பட்டினம் என்பது இங்கு கருதத்தக்கது. துறைமுகங்கள் பிற ஊர்கள் விலக்கும் உணவுகளையும் ஏற்றுக்கொள்ளும் இயல்பின. கொழும்பும் ஒரு துறைமுகமே.

கோட்டைக்குப் புறத்தே அமைந்தமையால் இப்பகுதி புறக்கோட்டை எனப் பெயர் பெற்றது. ஆங்கிலேயர் வழங்கிய ‘பெற்றா’ என்ற பெயர் ‘பேட்டை’ என்னும் தமிழ்ச் சொல்லின் திரிபு. ஒல்லாந்தர் 1656 முதல் 1796 வரை கொழும்பை ஆண்ட காலத்தில் இங்கு அவர்களுடைய குடியிருப்புகள் இருந்தன. பிரின்ஸ் வீதியில் எஞ்சியுள்ள பழைய ஒல்லாந்தர் மாளிகை 1982 இல் அரும்பொருட் காட்சிச்சாலையாகத் திறக்கப்பட்டது. 1757 இல் வழிபாட்டுக்குத் திறக்கப்பட்ட வுல்பெண்டால் தேவாலயம் வடக்கே மேட்டு நிலத்தில் இன்றும் நிற்கின்றது. ஒல்லாந்தருக்கு முன் வந்த போர்த்துக்கேயரோ கட்டடங்களைக் காட்டிலும் சொற்களையே நிலையாக விட்டுச் சென்றனர். உணவு ஆக்கும் குசினி, அதை வைக்கும் மேசை, அதனோடு உண்ணும் பாண், அதைச் சுடும் போறணை, அது ஆக்கப்படும் நத்தார் ஆகிய ஐந்தும் அவர்கள் மொழியிலிருந்து ஈழத்துத் தமிழுக்கு வந்தவை. ஹாம் என்னும் உணவு பிறநாட்டதாயினும், அதற்குரிய வீட்டைத் தமிழ் முன்பே கட்டி வைத்திருந்தது எனலாம்.

குளிர்நாட்டார் பனிக்கால உணவுக்காக இறைச்சியை உப்பிட்டனர். நெடும் பயணம் செல்லும் கப்பல்களிலும் உப்பிட்ட இறைச்சி பீப்பாய்களில் ஏற்றப்பட்டது. உப்பு நுண்ணுயிர்களின் பெருக்கத்தைத் தடுக்கின்றது. உப்போடு சிறிதளவு வெடியுப்பும் சேர்க்கப்படும். வெடியுப்பிலுள்ள நைத்திரேற்று நைத்திரைற்றாக மாறி, இறைச்சியின் நிறப்பொருளோடு கலப்பதனாலேயே வெந்த பின்னரும் ஹாம் இளஞ்சிவப்பாக இருக்கின்றது. கொழும்பின் பறங்கியர் வீடுகளிலும், அவற்றைப் பின்பற்றிப் பிற கிறித்தவர் வீடுகளிலும், இத்தொடை நத்தாரின் அடையாளமாயிற்று.

இங்கு ஒரு முரண் தோன்றுகின்றது. ஹாமின் கொழுப்பிலே பதிக்கும் கராம்பும், அதன் பாகிலே சேரும் கறுவாவும் புறக்கோட்டைக் கடைகளிலிருந்து வருவன. ஐந்தாம் குறுக்குத் தெருவிலும் பழைய சோனகத் தெருவிலும் அவற்றை நிறுத்துத் தருவோருள் முஸ்லிம்கள் பலர். சைவ வணிகரும் உளர். பன்றியிறைச்சி முன்னவருக்கு மார்க்கத்தால் விலக்கப்பட்டது. பின்னவருள் மரக்கறி உண்போருக்கு எந்த இறைச்சியும் ஆகாது. தாம் ஒருபோதும் தீண்டாத பண்டத்துக்கு மணமூட்டும் பொருளை அவர்களே தெரிந்தெடுத்துத் தருகின்றனர்.

கொட்டாஞ்சேனையில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் வாழ்கின்றார். யாழ்ப்பாணத்திலிருந்து மணமாகி வந்த கத்தோலிக்கர். கராம்பு வாங்க அவர் செல்லும் கடைக்காரர் அவருடைய அடுத்த வீட்டுக்காரர். மார்கழி மாதத்தில் அவர் கடை வாயிலில் ஏறியதுமே, “ஹாமுக்குத்தானே டீச்சர்? பெரிய தலையாப் பாத்துத் தாரன்” என்பார் அந்த இளைஞர். தலை உதிர்ந்த கராம்பு கொழுப்பில் பதியாது என்பது அவருக்குத் தெரியும். உண்டு அறிந்ததன்று, தந்தையார் கடையில் நின்ற காலம் முதல் கேட்டு அறிந்தது.

ஆசிரியையின் மகன் அமெரிக்காவின் தென் கரோலைனாவிலே பணிபுரிபவர். அவ்வூர்க் கறுப்பின மக்களிடையே பெண் கொண்டவர். 2018 ஆம் ஆண்டு நத்தாருக்கு மகனும் மருமகளும் கொழும்புக்கு வருவதாக இருந்தது. மருமகளுக்குத் தாய்வீட்டு உணவை ஆக்கிப் படைக்க விரும்பிய மாமியார், சம்பந்தியம்மாளிடம் எழுதிக் கேட்டார். பதில் நீண்ட கடிதமாக வந்தது. ஹாமைப் பற்றி அதில் ஒரு பந்தியே இருந்தது. எஞ்சிய பக்கங்கள் யாவும் வற்றாளங்கிழங்கு, கறுப்புக் கண் பயறு, கொலாட் கீரை, வெண்டிக்காய், சோளன் மா ரொட்டி, சீஸ் இட்ட மக்கரோனி என்பவற்றைப் பற்றியனவாகவே இருந்தன.

அக்கடிதத்தின் அளவீட்டுக்கு வரலாற்றுக் காரணம் உண்டு. அமெரிக்கத் தென் மாநிலங்களில் ஹாம் பண்ணை உரிமையாளரின் மேசைக்கு உரியது. வேர்ஜினியாவின் சிமித்பீல்ட் நகர ஹாம் பெரும் புகழ் எய்தியது; எது அப்பெயருக்கு உரியது என்பதை வரையறுக்க 1926 இல் அம்மாநிலம் சட்டமே இயற்றியது. ஆனால் அந்த மேசைக்கு உணவு ஆக்கியவர்கள் ஆபிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டோரும் அவர்தம் வழித்தோன்றல்களுமாவர். கறுப்புக் கண் பயறு ஆபிரிக்காவிலே தோன்றிய பயிர். இலங்கையர் கௌபி என வழங்கும் பயற்றின் ஓரினம். வெண்டிக்காயும் அம்மக்களின் வழியாகவே தென் மாநிலச் சமையலுக்குள் புகுந்தது. ‘கம்போ’ என்ற புகழ்பெற்ற குழம்பின் பெயர், வெண்டிக்கு பந்து மொழிகளில் வழங்கும் பெயரிலிருந்து பிறந்தது என்பர். மக்கரோனியும் சீசும் அந்நாட்டில் பரவியதோடு ஜேம்ஸ் ஹெமிங்ஸின் பெயர் இணைத்துப் பேசப்படுகின்றது. தோமஸ் ஜெபர்சனின் அடிமையாக 1784 இல் பாரிசுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, அங்கு பிரெஞ்சுச் சமையல் பயின்ற அவர் 1796 இல் விடுதலை பெற்றார். விடுதலை பெற்ற மக்கள் அமைத்த பிரீடவுண் என்னும் வேர்ஜினியச் சிற்றூரில் 1916 இல் பிறந்த எட்னா லூயிஸ், அவ்வூர்ச் சமையலை 1976 இல் நூலாக்கினார். அடுப்படியில் நின்றவரின் குரல் அச்சேறுவதற்கு எத்தனை தலைமுறை தேவைப்பட்டது என்பதை இவ்விரு ஆண்டுகளும் உணர்த்தும்.

சுருங்கக் கூறின், தலைமை உணவு ஆண்டவருடையது. பக்க உணவு ஆக்கியவருடையது. கொழும்பிலும் இந்நிலையே. பறங்கியரின் லம்ப்றைஸ் ஒல்லாந்தப் பெயர் தாங்கியது. அதனுள் சோற்றையும் இறைச்சிக் கறியையும் சூழ்ந்திருக்கும் கத்தரிக்காய்ப் பிரட்டலும், மலாய்ப் பெயர் தாங்கிய பிளச்சானும், பொதிந்திருக்கும் வாழையிலையும் கீழைநாட்டுக் கைகளின் கொடை.

ஆசிரியை கடிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டு மனிங் சந்தைக்குச் சென்றார். அக்காலத்தில் அச்சந்தை புறக்கோட்டையிலேயே இருந்தது. 2020 இலேதான் பேலியகொடைக்கு மாற்றப்பட்டது. கடிதம் கேட்டவற்றுள் ஏறக்குறைய யாவும் அங்கு கிடைத்தன. வற்றாளையும் சோளனும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து உலகெங்கும் பரவியவை. கௌபி ஆபிரிக்காவிலிருந்து வந்தது. கொலாட் கீரை மட்டும் இல்லை. அது தலை கட்டாத ஒரு கோவா இனம் எனக் கடிதம் விளக்கியிருந்தது. கோவாவின் கரும்பச்சை வெளியிலைகளை வணிகர் உரித்து நிலத்திலே எறிவதை ஆசிரியை கண்டிருந்தார். அவற்றுள் வாடாதனவற்றைக் கேட்டு வாங்கினார். பணம் பெற மறுத்த வணிகர், வீட்டில் ஆடு வளர்க்கிறீர்களோ என்று கேட்டாராம்.

ஹாமை ஆக்கும் முறையில் நுட்பத்தைவிடப் பொறுமையே மிகுதியாக வேண்டும். 4 கிலோ எடையுள்ள தொடையை முதல்நாள் இரவு தண்ணீரில் அமிழ்த்தி வைத்தால் மிகையான உப்பு நீங்கும். மறுநாள் புது நீரில், கறுவாப்பட்டையும் மிளகும் இட்டு, நீர் துள்ளிக் கொதிக்காதவாறு சிறு தீயில் ஏறத்தாழ 3 மணி நேரம் வேகவிட வேண்டும். நடுப்பகுதியின் வெப்பம் 63 பாகை செல்சியசுக்குக் குறைதல் ஆகாது. பின்னர் தோலை உரித்து, வெண்கொழுப்பின் மேல் கத்தியால் சாய்சதுரங்களாகக் கீறி, ஒவ்வொரு சந்தியிலும் ஒரு கராம்பைப் பதிக்க வேண்டும். சம்பந்தியம்மாள் பழுப்புச் சீனியும் கடுகும் கலந்த பாகு கூறியிருந்தார். ஆசிரியை சீனிக்குப் பதிலாகக் கித்துள் பாணியையும், சிறிது அன்னாசிச் சாற்றையும் சேர்த்தார். அப்பாகைப் பூசி, 180 பாகையில் அரை மணி நேரம் போறணையிலே வைத்தால், கொழுப்பு பொன்னிறம் பெற்றுப் பளபளக்கும்.

சிக்கல் பக்க உணவுகளிலேதான் எழுந்தது. கௌபியையும் கீரையையும் வேகவைக்கும்போது ஹாமின் கணுக்கால் எலும்பைச் சட்டிக்குள் இடல் வேண்டும் எனவும், அது இல்லையேல் அவ்வுணவுக்கு உயிர் இல்லை எனவும் கடிதம் வற்புறுத்தியிருந்தது. இதுவும் வரலாறு விட்டுச் சென்ற சுவையே. பண்ணைகளில் அடிமைகளுக்குச் சோளன் மாவும் உப்பிட்ட பன்றியிறைச்சியின் சிறு பங்குமே அளந்து கொடுக்கப்பட்டன. நல்ல தசை மேலே சென்றபின் எஞ்சிய எலும்பைக் கொண்டு ஒரு பெருஞ்சட்டிப் பயற்றுக்கு இறைச்சியின் சுவையை ஏற்றிய திறம் அம்மக்களுடையது. வறுமையிலும் வளம் கண்ட அந்த எலும்பை எளிதில் விலக்கிவிட எவருக்கும் மனம் வராது.

ஆனால் கொட்டாஞ்சேனை வீட்டில் நத்தார் உணவு அவ்வீட்டுச் சுவர்களுக்குள் முடிவதில்லை. நண்பகலுக்கு முன் ஒரு தட்டு அடுத்த வீட்டு முஸ்லிம் குடும்பத்துக்குச் செல்லும். ஒரு தட்டு மேல்மாடியில் வசிக்கும் சைவ மூதாட்டிக்குச் செல்லும். பெருநாளன்று வட்டிலாப்பமும், தீபாவளியன்று பலகாரமும் அதே தட்டுகளில் திரும்பும். இவ்வழக்கத்துக்கு ஒரு தொடக்கம் உண்டு. 1983 ஜூலையில் புறக்கோட்டையிலும் வெள்ளவத்தையிலும் தமிழர் கடைகளும் வீடுகளும் எரிக்கப்பட்டபோது, கைக்குழந்தையோடு ஆசிரியையின் குடும்பம் மூன்று இரவுகள் அம்முஸ்லிம் வீட்டின் பின்னறையிலே தங்கியது. அவ்வீட்டார் தமக்கு ஆக்கியதை அவர்களுக்கும் பகிர்ந்தனர். அந்த ஆண்டு மார்கழியிலே முதல் தட்டு சென்றது.

எனவே எலும்பை இடுவதா, விடுவதா என்பது சுவை பற்றிய வினாவாக நிற்கவில்லை. இட்டால் கௌபியும் கீரையும் ஹாமின் ஒரு பகுதியாகிவிடும். தட்டில் அனுப்ப எதுவும் இராது. விட்டால் மருமகளுக்கு அவள் தாய்வீட்டுச் சுவை கிட்டாது. ஆசிரியை எலும்பை விட்டார். எலும்பு செய்த வேலையை இலங்கைச் சமையலில் மாசி செய்யும் என்பது முதலில் தோன்றிய வழி. புகையூட்டி உலர்த்திய மீனாகிய மாசி, சட்டியில் சிறிது விழுந்தாலே சாற்றுக்கு ஆழம் தரும். ஆயின் மேல்மாடி மூதாட்டி மாசியும் உண்ணார். ஆகவே வெங்காயத்தை நன்கு கருகலாக வதக்கி, செத்தல் மிளகாயைச் சுட்டு நொருக்கி, உள்ளியும் சிறிது வெந்தயமும் சேர்த்து, இறுதியில் தேங்காய்ப் பாலை விட்டார். சுட்ட மிளகாயின் புகைமணம் எலும்பின் இடத்தை ஓரளவு நிரப்பியது. வற்றாளையை வெண்ணெய், சர்க்கரை, கறுவாத்தூள் என்பவற்றோடு போறணையில் வைத்தார். இவற்றையெல்லாம் காலையிலேயே, ஹாம் குசினிக்குள் வருமுன், வேறு சட்டிகளில் வேறு அகப்பை கொண்டு ஆக்கி முடித்தார். மக்கரோனி தட்டில் வைக்கப்படவில்லை. சீஸை உறையவைக்கச் சேர்த்த பொருள் எவ்விலங்கினது என்பது பெட்டியில் எழுதப்படாமையே காரணம்.

மருமகள் கௌபியை உண்டுவிட்டுச் சற்று நேரம் பேசவில்லையாம். பின்னர், தன் ஊரிலும் பலர் இப்போது எலும்பை இடுவதில்லை என்று கூறினாள். அமெரிக்கக் கறுப்பின மக்களுள் இஸ்லாத்தைத் தழுவியோர் பன்றியிறைச்சியை விலக்கினர். உடல்நலம் கருதி விலக்கியோரும் உளர். அவர்களுடைய சட்டிகளில் எலும்பின் இடத்துக்குப் புகையூட்டிய வான்கோழி வந்திருக்கின்றது. பக்க உணவின் இயல்பே இதுதான் போலும். தலைமை உணவு மாற்றத்துக்கு எளிதில் இடங்கொடாது. ஹாம் பன்றித் தொடையாக இருந்தாலன்றி ஹாம் ஆகாது. பக்க உணவோ உண்பவரை நோக்கித் தன்னை மாற்றிக்கொள்ளும். மாறியும் தன் பெயரை இழப்பதில்லை.

2019 ஏப்பிரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயம் உட்பட நாட்டின் மூன்று தேவாலயங்களிலும், கொழும்பு விடுதிகளிலும் குண்டுகள் வெடித்தன. 250 இற்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். கொட்டாஞ்சேனையில் எத்தனையோ வீடுகளில் அன்று ஆக்கிய விருந்து உண்பாரற்றுக் கிடந்தது. அடுத்து வந்த மே மாதத்தில் வடமேல் மாகாணத்திலும் மினுவாங்கொடையிலும் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் தாக்கப்பட்டன. புறக்கோட்டையிலே முஸ்லிம் கடைகளில் வாங்குவதைத் தவிர்த்தோர் இருந்தனர். எவர் எவருக்குத் தீங்கிழைத்தார் என்ற வேறுபாடு அவ்வேளையில் மங்கிவிட்டது. ஆசிரியைக்கு அறிமுகமான குடும்பமொன்றும் ஆலயத்தில் இறந்தோரை இழந்து நின்றது. அந்த ஆண்டு பெருநாளுக்கு வட்டிலாப்பம் வரவில்லை. வெறுப்பினால் அன்று, கொடுத்தால் ஏற்பார்களோ என்ற அச்சத்தினால்.

மார்கழி வந்தது. கராம்புக்கு வேறு கடைகள் பல உண்டு. ஆசிரியை வழமையான கடைக்கே சென்றார். இளைஞர் பெரிய தலையாகத் தெரிந்து தந்தார். எதற்கு என்று கேட்கவில்லை. நத்தாரன்று, வழக்கமாகச் சிறுவர் எவரேனும் கொண்டுசெல்லும் தட்டை ஆசிரியை தாமே ஏந்திச் சென்றார். கதவைத் திறந்த இளைஞர் தட்டை நோக்கித் தயங்கினார்.

“டீச்சர், இதுல ஒண்டும் சேரல்லதானே?”

முப்பத்தாறு ஆண்டுகளில் அவ்வீட்டார் எவரும் அக்கேள்வியைக் கேட்டதில்லை. கேட்க நேர்ந்தமை இருவருக்கும் வலித்திருக்கும். ஆசிரியை அதைக் குறையாகக் கொள்ளவில்லை.

“ஒண்டும் சேரேல்லைத் தம்பி. சட்டியும் வேற, அகப்பையும் வேற.”

தட்டு உள்ளே சென்றது. அடுத்த பெருநாளில் அது வட்டிலாப்பத்தோடு திரும்பியது.

நம்பிக்கை என்பது கேள்வியே எழாத நிலை எனக் கருதுவோர் உண்டு. அந்நிலை அமைதிக் காலத்துக்கு உரியது. முறிவு நேர்ந்தபின், கேள்வியைக் கேட்க ஒருவருக்குத் துணிவும், அதற்கு நேராக விடையிறுக்க மற்றவருக்குப் பொறுமையும் வேண்டும். அந்த விடை உண்மையாக இருப்பதற்கு விடியற்காலையிலேயே சட்டிகளை வேறாக்கியிருத்தலும் வேண்டும். வாய்மொழிக்கு முன்னே அடுப்படி வேலை முடிந்திருந்தமையாலேயே அம்மொழி ஏற்கப்பட்டது.

2024 ஒக்டோபரில் ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல் இலங்கைப் பண்ணைகளிலே பரவியது. அந்நோய் மனிதரைத் தொற்றாது எனினும் பன்றிகளுக்குப் பெருங்கொல்லி. அந்த நத்தாருக்கு ஆசிரியையின் மேசையில் ஹாம் இல்லை, கோழியே பொரிக்கப்பட்டது. கௌபியும் கீரையும் வற்றாளையும் வழமைபோல் இருந்தன. தட்டுகளும் வழமைபோல் சென்றன. ஹாம் இல்லாமலே விருந்து நிறைவுற்றதாயின், அதை இனி விட்டுவிடலாமே என உறவினர் சிலர் கூறினர். ஆசிரியை அதற்கு இணங்கவில்லை. ஹாம் தம் குடும்பத்தின் நத்தார். நோய் நீங்கியதும் அது மேசைக்கு வரும் என்றார். அயலார் எவரும் அதைக் கைவிடுமாறு கேட்டதில்லை என்பதையும் நினைவூட்டினார்.

பல சமயத்தார் நெருங்கி வாழும் நகரில் இணக்கம் பற்றிப் பேசும்போது, ஒவ்வொருவரும் தம் தனித்தன்மையைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்ற கருத்து அடிக்கடி முன்வைக்கப்படுகின்றது. கொட்டாஞ்சேனை மேசை வேறொரு வழியைக் காட்டுகின்றது. அங்கு ஹாம் முழுமையாகவே இருக்கின்றது; கராம்பு பதித்து, பாகு பூசி, மேசையின் நடுவிலே இருக்கின்றது. விலக்கப்பட்டது அயலாருக்கும் உரிய சட்டியில் விழவிருந்த ஓர் எலும்பு மட்டுமே. அவ்வெலும்பு எது என்பதை அறிந்துகொள்ள முப்பது ஆண்டுக்கு மேற்பட்ட அயலுறவு தேவைப்பட்டது. அதை அறிந்தவர்களிடையே தட்டுகள் இன்னும் போய்வருகின்றன.